கிரெடிட் இருந்தும் கார்டில் பணம் போகிறதா? அஷ்யூர், ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட் பில்லிங் – ஒரு மதிப்பீடு

இணையம் வழியே சர்வரை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனத்தின் போர்ட்டலைத் திறந்தால் 4,000 டாலர் கிரெடிட், அதாவது அவர்கள் இலவசமாகத் தந்த பயன்பாட்டுத் தொகை, பாக்கி இருக்கிறது. அதே நாளில் கார்டிலிருந்து 300 டாலர் எடுத்துக்கொண்டதாக வங்கியிடமிருந்து செய்தி வருகிறது. இரண்டில் ஒன்று பொய் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் இரண்டுமே உண்மை.

குழப்பத்துக்குக் காரணம், கிரெடிட்டை ப்ரீபெய்டு சிம்மில் போட்ட ரீசார்ஜ் மாதிரி நினைத்துக்கொள்வது. ரீசார்ஜ் தீர்ந்தால் பேச்சு துண்டிக்கப்படும், அதற்கு மேல் ஒரு பைசா போகாது. கிளவுட் நிறுவனங்கள் ஆதரவாகத் தரும் ஸ்பான்சர்ஷிப் கிரெடிட் அப்படி வேலை செய்வதில்லை. மாதம் முழுக்க நீங்கள் பயன்படுத்தியதற்கெல்லாம் முழு விலையில் பில் ஏறிக்கொண்டே போகும். பில்லை மூடும்போது அதிலுள்ள எந்தெந்த வரிகளுக்கு (ஒவ்வொரு சேவைக்குமான தனிப் பதிவுக்கு) கிரெடிட் செல்லுமோ அவற்றில் மட்டும் கழிப்பார்கள். மிச்சம் கார்டுக்குப் போகும். ஆக, "கிரெடிட் எவ்வளவு பாக்கி" என்பதைவிட "இந்த வரிக்குக் கிரெடிட் செல்லுமா" என்பதே முதல் கேள்வி.

இந்த மூன்று நிறுவனங்களும் தொடக்க நிலை நிறுவனங்களுக்கு வாரிக் கொடுத்திருக்கின்றன. அஷ்யூரை நடத்தும் மைக்ரோசாஃப்டின் ஸ்டார்ட்அப் திட்டம் 1,50,000 டாலர் வரை, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் ஆக்டிவேட் திட்டம் 1,00,000 டாலர் வரை, கூகுள் இரண்டாண்டுகளில் 2,00,000 டாலர் வரை, ஏஐ நிறுவனம் என்றால் 3,50,000 வரை என்று அறிவித்தார்கள். தொகையை வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. பாக்கியை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறார்கள், எதற்குச் செல்லாது என்பதை முன்கூட்டியே சொல்கிறார்களா, தீர்ந்தபின் என்ன நடக்கும், தவறு நேர்ந்தால் ஆதரவுக் குழு எப்படிக் கையாளும் என்பவற்றை வைத்துத்தான் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

அஷ்யூர்: இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு

மூன்றில் அதிகம் தடுமாற வைப்பது இதுதான். அஷ்யூர் ஸ்பான்சர்ஷிப் இரண்டு வடிவங்களில் புழங்குகிறது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. பழைய வடிவத்தில் கிரெடிட் ஒரு குறிப்பிட்ட சப்ஸ்கிரிப்ஷனோடு (நீங்கள் உருவாக்கும் சேவைகளை வைத்திருக்கும் கணக்குப் பிரிவோடு) ஒட்டியிருக்கும். பாக்கியைப் பார்க்க ஸ்பான்சர்ஷிப்புக்கென்றே உள்ள தனி இணையதளத்துக்குப் போக வேண்டும், வழக்கமான போர்ட்டலில் தேடினால் கிடைக்காது. புதிய வடிவம் மைக்ரோசாஃப்ட் கஸ்டமர் அக்ரிமென்ட் என்ற ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. அதில் கிரெடிட் ஒட்டியிருப்பது, இன்வாய்ஸையும் கட்டும் முறையையும் நிர்வகிக்கும் பில்லிங் ப்ரொஃபைலோடு. போர்ட்டலில் காஸ்ட் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் போய், பில்லிங் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, பேமென்ட் மெத்தட்ஸ் பக்கத்தில் அஷ்யூர் கிரெடிட்ஸ் என்ற தாவலைத் திறந்தால் பாக்கி தெரியும். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கடைசி இன்வாய்ஸ் வரைக்குமான பாக்கி. மற்றொன்று இன்னும் பில் ஆகாத பயன்பாட்டையும் கழித்த உத்தேச பாக்கி. முடிவெடுக்க இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கமே திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். சப்ஸ்கிரிப்ஷனுக்கு ஓனராக இருப்பவருக்கு பில்லிங் ப்ரொஃபைலைப் பார்க்கும் உரிமை தானாக வந்துவிடாது, அது வேறு அதிகார வரிசை. கணக்கைத் தொடங்கியவர் உங்களை பில்லிங் ப்ரொஃபைல் ரீடராகவாவது சேர்க்க வேண்டும். சர்வரை உருவாக்கும் பொறியாளரிடம் ஒரு சாவி, பில்லைப் பார்ப்பவரிடம் இன்னொரு சாவி. இருவரும் பேசிக்கொள்ளாத இடத்தில்தான் எதிர்பாராத பில் வளர்கிறது.

அடுத்த குழப்பம், காஸ்ட் அனாலிசிஸ் பக்கம் கிரெடிட்டைக் கழித்துக் காட்டுவதில்லை. 1,800 டாலர் என்று பட்டை வரைந்து பயமுறுத்தும். இன்வாய்ஸில் கட்ட வேண்டியது பூஜ்யமாக இருக்கலாம். பதறுவதற்கு முன் இன்வாய்ஸ் பிடிஎஃப்பைத் திறந்து கிரெடிட் கழித்த வரியைப் பாருங்கள்.

கிரெடிட் செல்லாத பொருட்களின் பட்டியலை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. மார்க்கெட்பிளேஸில் விற்கப்படும் மூன்றாம் தரப்புப் பொருட்கள், சப்போர்ட் பிளான், விஷுவல் ஸ்டூடியோ என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்கான சந்தா ஆகியவை அதில் முக்கியமானவை. அதிகம் பேர் மாட்டுவது மார்க்கெட்பிளேஸில்தான். ஏஐ மாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நேரடியாக விற்கும் மாடலும் மார்க்கெட்பிளேஸ் வழியாக வரும் மாடலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னதற்கு கிரெடிட் கழியும், பின்னது நேராகக் கார்டுக்குப் போகும். விலைப் பக்கத்தில் மார்க்கெட்பிளேஸ் நிபந்தனைகளை ஏற்கச் சொல்லி ஒரு வரி வந்தால் அதுதான் எச்சரிக்கை மணி. அதைக் கவனிக்காமல் "சம்மதம்" அழுத்துபவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பக்கத்தின் வடிவமைப்பே அப்படி.

பயன்பாட்டுக் கோப்பை சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் அட்டவணையாக) இறக்கினால் சந்தேகம் தீரும். பப்ளிஷர் டைப் என்ற பத்தியில் மார்க்கெட்பிளேஸ் என்று எழுதியிருக்கும் வரிகளைத் தனியாக வடிகட்டுங்கள். கஸ்டமர் அக்ரிமென்ட் வகைக் கணக்குகளின் கோப்பில், அந்த வரி கிரெடிட்டுக்குத் தகுதியானதா என்பதை ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் பத்தியும் உண்டு. அதில் "இல்லை" என்று வரும் வரிகளின் கூட்டுத்தொகையும் கார்டில் போன தொகையும் அரசு வரி நீங்கலாகப் பொருந்தினால் விசாரணை அங்கேயே முடிந்தது.

தீர்ந்தபின் என்ன ஆகும் என்பதில் அஷ்யூர் ஒரே குரலில் பேசுவதில்லை. 200 டாலர், 30 நாள் கொண்ட இலவசக் கணக்கிலும், விஷுவல் ஸ்டூடியோ சந்தாவோடு மாதாமாதம் வரும் கிரெடிட்டிலும் ஸ்பெண்டிங் லிமிட் என்ற உண்மையான பூட்டு இருக்கிறது. தொகை தீர்ந்தால் சேவைகள் நின்றுவிடும். ஸ்பான்சர்ஷிப்பில் கதை வேறு. தொகை தீர்ந்தாலோ காலக்கெடு முடிந்தாலோ, அடுத்த நொடியிலிருந்து வழக்கமான கட்டண விகிதத்தில் கார்டுக்கு ஏறத் தொடங்கும். இலவசக் கணக்கில் பழகியவர்கள் இதிலும் பூட்டு இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். விஷுவல் ஸ்டூடியோ கிரெடிட் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூட்டை நீக்கும்போது "இந்தச் சுற்றுக்கு மட்டும்" என்றும் "நிரந்தரமாக" என்றும் இரண்டு தேர்வுகள் வரும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் அடுத்த மாதமும் பூட்டு கிடையாது.

ஏடபிள்யூஎஸ்: பூஜ்யம் என்ற திரை

இங்கே சிக்கல் நேர்மாறு. செலவை வரைபடமாகக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் இயல்பாகவே கிரெடிட்டைக் கழித்துக் காட்டுகிறது. மாதம் 3,000 டாலர் எரிந்துகொண்டிருந்தாலும் வரைபடம் பூஜ்யத்தில் படுத்திருக்கும். கிரெடிட் தீர்ந்த மாதம் திடீரென்று மலை முளைத்த மாதிரி தெரியும். உண்மையில் அந்த மலை ஓராண்டாகவே அங்கே நின்றுகொண்டிருந்தது. வலப்பக்க வடிகட்டியில் சார்ஜ் டைப் என்பதைத் திறந்து, கிரெடிட்டையும் ரீஃபண்டையும் விலக்கினால் உண்மையான செலவு தெரியும். கிரெடிட் வைத்திருப்பவர்கள் முதல் நாளே செய்து, அந்த அறிக்கையைச் சேமித்து வைக்க வேண்டிய வேலை இது.

பட்ஜெட்டிலும் அதே பொறி. ஏடபிள்யூஎஸ் பட்ஜெட் உருவாக்கும்போது கிரெடிட்டைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் இயல்பு நிலை. அப்படியே விட்டால் 500 டாலருக்கு அலர்ட் வைத்தும் ஒரு மின்னஞ்சல்கூட வராது, ஏனென்றால் நிகரச் செலவு பூஜ்யம். மேம்பட்ட அமைப்புகளில் கிரெடிட்டை நீக்கிய பட்ஜெட் ஒன்று, சேர்த்த பட்ஜெட் ஒன்று என இரண்டு வையுங்கள். முதலாவது எரியும் வேகத்தைச் சொல்லும். இரண்டாவதில் வரம்பு 1 டாலர் போதும். கார்டைத் தொடப் போகிற முதல் செலவை அது காட்டிக்கொடுக்கும்.

இந்தக் குறையை ஈடுகட்டும் ஒரு நல்ல விஷயமும் இங்கே உண்டு. பில்லிங் கன்சோலில் கிரெடிட்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தொகை, பாக்கி, காலாவதி நாள் ஆகியவற்றோடு எந்தெந்தச் சேவைகளுக்குச் செல்லும் என்ற முழுப் பட்டியலும் இருக்கிறது. மூன்று நிறுவனங்களில் இவ்வளவு நேரடியாக இதைச் சொல்வது ஏடபிள்யூஎஸ்தான். பல கிரெடிட்டுகள் இருந்தால் எது முதலில் கழியும் என்பதற்கும் எழுதப்பட்ட விதி உண்டு. முதலில் காலாவதி ஆகப்போவது முன்னால் போகும். அதில் சமமென்றால் குறைவான சேவைகளுக்கே செல்லுபடியாவது. அதிலும் சமமென்றால் பழையது.

செல்லாதவை: மார்க்கெட்பிளேஸின் மூன்றாம் தரப்பு மென்பொருட்கள், ரூட்53 வழியாக டொமைன் பெயர் பதிவு, ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் மற்றும் சேவிங்ஸ் பிளானுக்கு (நீண்ட காலம் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டு தள்ளுபடி பெறும் ஒப்பந்தங்களுக்கு) முன்கூட்டிக் கட்டும் தொகை. கடைசியாகச் சொன்னதில்தான் அடி பலமாக விழும். கிரெடிட் நிறைய இருக்கிறதே, மூன்றாண்டு சேவிங்ஸ் பிளான் எடுத்துச் சேமிக்கலாம் என்று போனால் முன்பணம் முழுவதும் கார்டில் வரும். கிரெடிட் இருக்கும் காலத்தில் முன்பண ஒப்பந்தம் எதிலும் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஒரே நிறுவனத்துக்குப் பல கணக்குகள் இருந்தால், கிரெடிட் முதலில் அதைப் பெற்ற கணக்கின் செலவில் கழியும். மிச்சம் மற்ற கணக்குகளுக்குப் போக வேண்டுமானால், தாய்க் கணக்கின் பில்லிங் ப்ரிஃபரன்ஸஸ் பக்கத்தில் கிரெடிட் ஷேரிங் இயக்கத்தில் இருக்க வேண்டும். சோதனைக் கணக்கில் கிரெடிட் சும்மா கிடக்க, உற்பத்திக் கணக்கு கார்டில் கட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரு பொத்தானால்தான். கிரெடிட்டுக்கான குறியீட்டைப் பதிவு செய்வதற்கு முன் வெளியான பழைய இன்வாய்ஸ்களுக்கு அது பின்னோக்கிச் செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள். குறியீடு கையில் வந்த அன்றே, மாதம் முடிவதற்குள், பதிந்துவிட வேண்டும்.

2025 ஜூலை 15 முதல் தொடங்கப்பட்ட கணக்குகளுக்குப் புதிய இலவசத் திட்டம் பொருந்தும். சேரும்போது 100 டாலர், சில பணிகளை முடித்தால் மேலும் 100 வரை. ஆறு மாதம் ஆனாலோ கிரெடிட் தீர்ந்தாலோ, கட்டணத் திட்டத்துக்கு மாறாதவரை கணக்கு தானே மூடிக்கொள்ளும். இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஒரே ஓட்டை: அந்தக் கணக்கை, பல கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் ஏடபிள்யூஎஸ் ஆர்கனைசேஷனில் சேர்த்தால் இலவசக் கிரெடிட் உடனே காலாவதி ஆகி, கணக்கு கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடும். நிர்வாக வசதிக்காகச் செய்கிற ஒரு சின்ன இணைப்பு, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கிக்கொள்கிறது.

கூகுள் கிளவுட்: தெளிவு அதிகம், பூட்டு இல்லை

செலவை வாசிக்க எளிதான பில்லிங் பக்கம் கூகுளுடையது. ரிப்போர்ட்ஸ் பக்கத்தில் கிரெடிட் வகைகளைத் தனித்தனியாக டிக் செய்து நீக்கவும் சேர்க்கவும் முடியும். முழுச் செலவும் நிகரச் செலவும் ஒரே திரையில் வரும். பட்ஜெட் உருவாக்கும்போதும் கிரெடிட்டைச் சேர்க்க வேண்டுமா என்று அங்கேயே பெட்டி இருக்கிறது. அந்த டிக்கை எடுத்துவிட மறந்தால், ஏடபிள்யூஎஸ் பற்றிச் சொன்ன அதே மௌனம்தான்.

கிரெடிட் இங்கே பில்லிங் அக்கவுன்ட்டோடு ஒட்டியிருக்கும், சேவைகளை ஒன்றாக வைத்திருக்கும் ப்ராஜெக்ட்டோடு அல்ல. ஒரு நிறுவனத்தில் பழைய பில்லிங் அக்கவுன்ட் ஒன்று, ஸ்டார்ட்அப் திட்டத்துக்காகத் திறந்தது ஒன்று என இரண்டு இருப்பது சகஜம். புதிய ப்ராஜெக்ட் உருவாக்கியவர் பழையதைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிரெடிட் தொடப்படாமலே இருக்கும். பில்லிங் பகுதியில் அக்கவுன்ட் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு அக்கவுன்ட்டிலும் எந்தெந்த ப்ராஜெக்ட் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். தவறானதை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் மாற்றிய நேரத்துக்குப் பிறகான பயன்பாடுதான் புதிய அக்கவுன்ட்டுக்கு வரும். அதற்கு முன் ஓடியது பழையதிலேயே நிற்கும்.

300 டாலர், 90 நாள் சோதனைக் காலத்தில் முழுக் கணக்குக்கு மாறாதவரை கார்டைத் தொட மாட்டார்கள். காலம் முடிந்தால் ரிசோர்ஸ்கள் (நீங்கள் உருவாக்கிய சர்வர், டேட்டாபேஸ் போன்றவை) நிற்கும். நடுவில் அப்கிரேட் பொத்தானை அழுத்தியவர்களுக்கு மீதிக் கிரெடிட் 90-ஆம் நாள் வரை தொடரும், அதன்பின் தானாகக் கட்டணம்.

பட்ஜெட் என்ற பெயரே தவறு என்பது எங்கள் எண்ணம். அது ஒரு அறிவிப்பு, வரம்பு கிடையாது. உண்மையிலேயே நிறுத்த வேண்டுமென்றால், பட்ஜெட் அறிவிப்பை பப்சப் என்ற செய்தி கடத்தும் சேவைக்கு அனுப்பி, அதைக் கேட்டு ப்ராஜெக்ட்டின் பில்லிங் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு ஃபங்ஷனை, அதாவது சிறு நிரலை, எழுதி வைக்க வேண்டும். கூகுளே இதற்கான வழிமுறையை ஆவணப்படுத்தியிருக்கிறது. ஆனால் பில்லிங்கைத் துண்டிப்பது கோடாலி வைத்தியம். அந்த ப்ராஜெக்ட்டில் எல்லாச் சேவைகளும் நின்றுபோகும், சிலவற்றின் தரவை மீட்க முடியாமலும் போகலாம். சோதனை ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் பொருத்தமான ஏற்பாடு.

ஏடபிள்யூஎஸ்ஸில் பட்ஜெட் ஆக்‌ஷன் என்ற வசதி இதைவிடப் பக்குவமானது. வரம்பைத் தொட்டால் குறிப்பிட்ட ஈசி2 (சர்வர்), ஆர்டிஎஸ் (டேட்டாபேஸ்) இன்ஸ்டன்ஸ்களை நிறுத்தலாம், அல்லது புதிதாக எதையும் உருவாக்க முடியாதபடி அனுமதியைக் குறைக்கலாம். இருந்தாலும் எந்த நிறுவனத்திலும் செலவுத் தரவு உடனுக்குடன் வருவதில்லை. ஏடபிள்யூஎஸ் பட்ஜெட் தரவு பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அஷ்யூர் பட்ஜெட் நாளுக்கு ஒருமுறைதான் கணக்கிடப்படும். வெள்ளி இரவு தொடங்கிய தவறு சனி மதியம்தான் அஞ்சலில் வரும். அதற்குள் ஜிபியு (ஏஐ வேலைக்கான சிப்) மெஷின்கள் தின்றது தின்றதுதான்.

பணம் கசியும் இடங்கள்

எந்த வரி என்று தெரிந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. இந்த நிலையில் கீழ்க்கண்டவற்றை முதலில் சந்தேகியுங்கள். விலைகள் அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் பட்டியல் விலை, மாதத்துக்கு 730 மணி நேரக் கணக்கு.

நாட் கேட்வே, அதாவது உள்ளே தனியாக இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல். ஏடபிள்யூஎஸ்ஸில் மணிக்கு 0.045 டாலர், மாதம் சுமார் 33. அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் மேலும் 0.045. உள்ளே ஓடுவது மாதம் எட்டு டாலருக்கும் குறைவான டி3 மைக்ரோ என்ற சிறிய மெஷின். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இணையத்திலிருந்து சர்வரை அடைய உதவும் பொது ஐபிவி4 முகவரிக்கு ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரி 1 முதல், பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. ஒன்றுக்கு மாதம் 3.65. வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் ஒன்றே இரண்டு மூன்று முகவரிகளைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் எண்ணிக்கை சத்தமில்லாமல் ஏறும். கூகுளில் எதோடும் இணைக்காமல் ஒதுக்கி வைத்த நிலையான முகவரிக்கு, பயன்பாட்டில் இருப்பதைவிட அதிகக் கட்டணம்.

"நிறுத்திவிட்டேன், ஆனாலும் பில் வருகிறது" என்ற புகார் அடிக்கடி வருவது அஷ்யூர் மெஷின்களைப் பற்றி. லினக்ஸ் அல்லது விண்டோஸுக்குள்ளிருந்து ஷட்டவுன் செய்தால் நிலை வெறும் "ஸ்டாப்டு" என்று காட்டும். வன்பொருள் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, கட்டணமும் ஓடும். போர்ட்டலில் ஸ்டாப் பொத்தானை அழுத்தி "ஸ்டாப்டு, டீஅலொக்கேட்டட்" என்று வர வேண்டும். அப்போதும் டிஸ்க்குக்குக் கட்டணம் உண்டு. மெஷினை அழித்தாலும், அழிக்கும்போது டிக் போடாவிட்டால் டிஸ்க்கும் பொது முகவரியும் அநாதையாகத் தங்கிவிடும்.

டேட்டாபேஸை நிறுத்தி வைப்பதும் நிரந்தரம் கிடையாது. ஆர்டிஎஸ் ஏழு நாளில் தானே எழுந்துகொள்ளும். அஷ்யூரின் போஸ்ட்கிரெஸ் ஃப்ளெக்சிபிள் சர்வருக்கும் ஏழு நாள், மைஎஸ்க்யூஎல்லுக்கு 30 நாள். நீண்ட காலம் வேண்டாம் என்றால் ஸ்னாப்ஷாட்டோ பேக்கப்போ எடுத்துவிட்டு அழிப்பதே வழி.

பழைய பதிப்பை மாற்றாமல் விடுவதற்கும் அபராதம் இருக்கிறது. குபர்நெடீஸ் (பல சர்வர்களில் செயலிகளை ஓட்டும் மென்பொருள்) தரும் ஏடபிள்யூஎஸ் சேவையான ஈகேஎஸ்ஸில் ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், அதாவது மாதம் 73. அதன் குபர்நெடீஸ் பதிப்பு வழக்கமான ஆதரவுக் காலத்தைத் தாண்டிவிட்டால் 0.60 ஆகும், மாதம் 438. யாரும் எதையும் தொடவில்லை, பில் மட்டும் ஆறு மடங்கு. மைஎஸ்க்யூஎல் 5.7 போன்ற பழைய ஆர்டிஎஸ் பதிப்புகளுக்கும் 2024 முதல் இதேபோல் ஒவ்வொரு விசிபியுவுக்கும் (மெய்நிகர் ப்ராசசருக்கும்) கூடுதல் கட்டணம் விழுகிறது. பில்லில் எக்ஸ்டெண்டட் சப்போர்ட் என்ற சொல் வந்தால் இதுதான்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது போலிக் கோரிக்கைகளைக் குவித்து முடக்கும் தாக்குதலிலிருந்து காக்கும் அஷ்யூரின் டிடாஸ் நெட்வொர்க் ப்ரொடெக்‌ஷன். மாதம் 2,944 டாலர். 100 பொது முகவரிகள் வரை காக்கும் திட்டம், ஒரே ஒரு முகவரி இருந்தாலும் அதே விலை. நெட்வொர்க் அமைக்கும் படிவத்தில் பாதுகாப்புப் பகுதியில் ஒரு டிக் பெட்டியாகத் தெரிவதால் "பாதுகாப்புதானே" என்று போட்டுவிடுகிறார்கள். அதே படிவத்தில் இருக்கும் அஷ்யூர் ஃபயர்வால் ஸ்டாண்டர்டு வகை மணிக்கு 1.25, மாதம் ஏறத்தாழ 912. படிவத்தில் விலை எங்கும் தெரியாது. இவ்வளவு விலையுள்ள ஒன்றை விலை போடாத டிக் பெட்டியாக வைத்திருப்பதற்கு மன்னிப்பே கிடையாது.

லாக்குகள், அதாவது செயலிகள் எழுதும் பதிவுகள், தனிக் கதை. ஏடபிள்யூஎஸ்ஸின் கிளவுட்வாட்ச் ஒரு ஜிபி லாக்கை உள்ளே வாங்க 0.50 டாலர் கேட்கிறது. டீபக் நிலையை (பிழை தேட எல்லாவற்றையும் பதியும் நிலையை) அணைக்க மறந்த ஒரு செயலி நாளுக்கு 40 ஜிபி எழுதினால் மாதம் 600 டாலர். ஏஐ பக்கம் வந்தால், ப்ரொவிஷன்டு த்ரூபுட் என்று ஒதுக்கிய திறனுக்கும், உங்கள் தரவில் பழக்கி (ஃபைன்ட்யூன் செய்து) இயக்கத்தில் வைத்த மாடலுக்கும் ஒரு கேள்விகூடக் கேட்காவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடலாம்.

வேறு பகுதியில் மறந்துபோனவற்றைத் தேட, காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் ரீஜியன் (பகுதி) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஈசி2 குளோபல் வியூ எல்லாப் பகுதிகளின் மெஷின்களையும் ஒரே பட்டியலில் காட்டும். ஒரு வேடிக்கை: காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திரையில் பார்ப்பது இலவசம், நிரல் மூலம், அதாவது ஏபிஐ வழியாகக் கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் 0.01 டாலர். செலவைக் கண்காணிக்க நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் எழுதியவர், மாதம் 432 டாலரை அந்தக் கண்காணிப்புக்கே கொடுப்பார்.

நீங்கள் ஒருபோதும் தொடாத ரீஜியனில் பெரிய ஜிபியு மெஷின்கள் தெரிந்தால் அது மறதி அல்ல, கணக்குக்குள் நுழையும் ரகசியச் சாவி (ஆக்சஸ் கீ) திருடு போயிருக்கிறது. கிரெடிட் உள்ள கணக்கில் இது கூடுதல் ஆபத்து. திருடன் முதலில் தின்பது கிரெடிட்டை. நிகரத் தொகை பூஜ்யமாகவே இருப்பதால், அது தீரும் வரை யாருக்கும் தெரியாது.

ஆதரவுக் குழுவும் பணம் திரும்பலும்

மூன்று நிறுவனங்களிலும் பில்லிங் தொடர்பான டிக்கெட் இலவசம், கட்டண சப்போர்ட் பிளான் தேவையில்லை. டிக்கெட் போடும்போது "டெக்னிக்கல்" என்று தேர்ந்தெடுத்தால் பிளான் வாங்கச் சொல்லும். பில்லிங் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பதற்றத்தில் சப்போர்ட் பிளான் வாங்கிவிட்டால், அஷ்யூரில் அதற்கும் கிரெடிட் செல்லாது.

டிக்கெட் எழுதுவதற்கு முன் கசிவை நிறுத்துங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரிசோர்ஸுக்குப் பணம் திரும்பக் கேட்டால் பதில் "முதலில் அழியுங்கள்" என்றுதான் வரும், ஒரு நாள் வீண். சாவி திருட்டு என்றால் ரூட் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, பழைய ஆக்சஸ் கீகளை அழித்து, அறிமுகமில்லாத யூசர்களை நீக்கிய பின்தான் தொகையைப் பற்றிப் பேசுவார்கள். அழிப்பதற்கு முன் ஆதாரத்தை எடுத்து வைக்க மறக்காதீர்கள். ஏடபிள்யூஎஸ் கிளவுட்ட்ரெயிலின் நிகழ்வு வரலாறும் அஷ்யூரின் ஆக்டிவிட்டி லாக்கும் 90 நாள் வரைதான் இருக்கும். கூகுளின் நிர்வாகத் தணிக்கைப் பதிவு 400 நாள் நிற்கும்.

டிக்கெட்டில் இன்வாய்ஸ் எண், சப்ஸ்கிரிப்ஷன் அல்லது கணக்கு எண், சர்ச்சைக்குரிய வரியின் சேவைப் பெயரும் தொகையும், ரிசோர்ஸின் முழு அடையாளம், அது உருவான நாளும் அழித்த நாளும், கிரெடிட்டின் காலாவதி நாள் ஆகியவை முதல் பத்து வரிக்குள் வர வேண்டும். அதன்பின் ஒரே ஒரு கோரிக்கை. "கிரெடிட்டுக்குத் தகுதியான வரி, ஆனால் கழிக்கவில்லை" என்பது திருத்தக் கோரிக்கை. "தகுதியற்ற வரிதான், தெரியாமல் நடந்துவிட்டது, ஒருமுறை விலக்கு தாருங்கள்" என்பது சலுகைக் கோரிக்கை. இரண்டையும் கலந்து எழுதினால் முதலாவதின் பலம் போய்விடும். சலுகை உங்கள் உரிமை கிடையாது, அவர்கள் விருப்பம். ரிசோர்ஸை அழித்ததற்கும் பட்ஜெட் வைத்ததற்கும் சான்று காட்டினால் வாய்ப்பு கூடும். மார்க்கெட்பிளேஸ் வரி என்றால் பல நேரங்களில் கிளவுட் நிறுவனம் முடிவெடுக்காது, விற்றவரிடம் போகச் சொல்லும். அந்த வரியில் விற்பனையாளர் பெயர் இருக்கும். இரு பக்கமும் ஒரே நாளில் எழுதிவிடுங்கள்.

வங்கியிடம் சொல்லி அந்தத் தொகையைத் திரும்பப் பிடுங்குவது கடைசி ஆயுதம். பேச்சு நடக்கும்போதே அதை எடுத்தால் கணக்கு முடக்கப்படும் அபாயம் உண்டு, அதோடு உள்ளே இருக்கும் தரவும் மாட்டிக்கொள்ளும்.

எதை எடுக்கலாம்

கணக்குப் பார்க்கத் தனி ஆள் இல்லாத சிறு குழுவுக்கு எங்கள் முதல் தேர்வு கூகுள், பில்லை வாசிக்கும் எளிமைக்காக மட்டும். பல கணக்குகள், கடுமையான கட்டுப்பாடு, தானாக நிறுத்தும் வசதி வேண்டுமென்றால் ஏடபிள்யூஎஸ். முதல் நாளே கிரெடிட்டை விலக்கிய அறிக்கையை உருவாக்குவதாக இருந்தால் மட்டும். அஷ்யூர் ஸ்பான்சர்ஷிப் தொகையில் குறைந்தது அல்ல, ஆனால் பாக்கி ஓரிடம், செலவு ஓரிடம், அனுமதி வேறிடம் என்று சிதறிக் கிடப்பதால் மதிப்பெண்ணில் பின்தங்குகிறது. அதை எடுப்பவர்கள் கிரெடிட் செல்லும் சப்ஸ்கிரிப்ஷனில் மார்க்கெட்பிளேஸ் வாங்குதலைக் கொள்கை மூலம் தடுத்து வைப்பது நல்லது. பில்லிங் பகுதியின் பாலிசிஸ் பக்கத்தில் அதற்கான தேர்வு இருக்கிறது.

எதை எடுத்தாலும் காலாவதிக்கு 45 நாள் முன்பு நாட்காட்டியில் ஒரு குறிப்பு போடுங்கள். அன்று கடைசி முழு மாதத்தின் கிரெடிட் கழிக்காத செலவைப் பார்த்து, அதைக் கார்டில் கட்ட முடியுமா என்று முடிவெடுங்கள். முடியாது என்றால் தரவை வெளியே எடுக்க அந்த நாட்கள் வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸிலும் அஷ்யூரிலும் மாதம் 100 ஜிபி வரை வெளியேற்றம் இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு ஒன்பது சென்ட் அளவில் ஆகும். கிரெடிட் உயிரோடு இருக்கும்போதே எடுத்தால் அந்தச் செலவும் அதிலேயே கழியும். கணக்கை மூடும்போது ஏடபிள்யூஎஸ் மார்க்கெட்பிளேஸ் சந்தாக்கள் தானாக ரத்தாகாது, ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் ஒப்பந்தமும் காலம் முடியும் வரை பில் ஆகும். முதலில் சந்தாக்களை ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள், அடுத்து ரிசோர்ஸ்களை அழியுங்கள், கடைசி இன்வாய்ஸ் வந்தபின் கணக்கை மூடுங்கள். கார்டை நீக்குவது அதற்கும் பிறகுதான்.